ஏஐ டெஸ்டிங் பிளாட்ஃபார்முக்கு ப்ளகின் எழுதுறோம்: தமிழ் பதில்களை நம்பிக்கையா சரிபார்க்க என்ன வழி?

தரமணி_டெஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். தரமணியில ஒரு க்யூஏ டீம்ல வேலை பார்க்கிறேன். கிளையண்ட் கடன் கொடுக்கிற நிறுவனம். அவங்க சாட்பாட் தமிழ்லயும் தங்கிலீஷ்லயும் பதில் சொல்லுது. தவணை தேதி எப்போ, பாக்கி எவ்வளவு, முன்கூட்டியே அடைச்சா என்ன கழியும், எந்தக் கிளைக்குப் போகணும், இப்படிப்பட்ட கேள்விகள்தான் முக்கால்வாசி.

நாங்க பயன்படுத்துற டெஸ்டிங் பிளாட்ஃபார்ம்ல செக்கர்கள் ஏற்கெனவே இருக்கு. பதில்ல இந்தச் சொல் இருக்கான்னு பார்க்கிறது, ரீஜெக்ஸ் (எழுத்துத் தொடர்களைத் தேடுற வடிவ விதி) பேட்டர்னோட ஒப்பிடுறது, இன்னொரு மாடலை வெச்சு மார்க் போடுறது. இங்கிலீஷ் பதில்களுக்குக் குறையில்ல. தமிழுக்கு வந்தா ரிப்போர்ட்டை வெச்சு ரிலீஸ் முடிவு எடுக்க முடியல. உதாரணத்துக்கு, வாடிக்கையாளரை ஒருமையில பேசக்கூடாதுன்னு 'நீ'ங்கிற சொல்லைத் தடை பண்ணி ஒரு ரூல் போட்டோம். 'நீங்கள் 5-ம் தேதிக்குள் செலுத்தலாம்'னு மரியாதையா வந்த பதில் ஃபெயில். 'நீ இன்னும் கட்டல'ன்னு வந்தது பாஸ். தலைகீழா இருக்கு.

பிளாட்ஃபார்ம் பைத்தான்ல ப்ளகின் (பிளாட்ஃபார்மோட சேர்ந்து ஓடுற நம்ம சொந்த நிரல்) எழுத விடுது. பாட்டோட பேசுறது, கேள்வி உருவாக்குறது, பதிலை மதிப்பிடுறது, ரிப்போர்ட் போடுறது எல்லாத்தையும் சேர்த்து ஒரே ப்ளகினா செஞ்சுடலாம்னு எங்க லீட் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா எதை எப்படிப் பிரிக்கணும்னு தெளிவா எடுத்துச் சொல்லத் தெரியல. இதுல கை வெச்சவங்க சொல்லுங்க.

நிரல்மகள்

பிரிச்சே ஆகணும். அகலக்கால் வைக்காதீங்க.

ஏற்கெனவே இருக்கிற திறந்த மூலக் கருவிகளைப் பாருங்க. என்விடியாவோட காராக் மொழி மாடல்கள்ல பலவீனம் தேடுற ஸ்கேனர். அதுல தாக்குதல் கேள்விகளை அனுப்புறது ப்ரோப், வந்த பதிலைச் சோதிக்கிறது டிடெக்டர், மாடலோட பேசுறது ஜெனரேட்டர். மூணும் தனித்தனி ப்ளகின் வகை. ஒரு டிடெக்டர் எந்த ப்ரோப்ல இருந்து வந்த பதிலையும் சோதிக்கலாம். ப்ராம்ப்ட்ஃபூவும் அப்படித்தான்: மாடலோட இணைக்கிறது ப்ரொவைடர், மதிப்பிடுறது அசர்ஷன். டீப்ஈவல்ல சொந்த மெட்ரிக் எழுதணும்னா அடிப்படை மெட்ரிக் கிளாஸை எடுத்து, அளக்கிற ஃபங்ஷனும் தேறிச்சா இல்லையான்னு சொல்ற ஃபங்ஷனும் எழுதினா வேலை முடிஞ்சது. பாட்டோட எப்படிப் பேசணும்னு மெட்ரிக்குக்குத் தெரிய வேண்டியதில்ல.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்னா, மூணு பகுதியும் மூணு வேகத்துல மாறும். கிளையண்டோட ஏபிஐ மாறினா இணைப்பு ப்ளகின் மாறும். புது கடன் திட்டம் வந்தா கேள்வி ப்ளகின் மாறும். ஒருமையில பேசக்கூடாதுங்கிற விதி பல வருஷத்துக்கு மாறாது. எல்லாம் ஒரே ப்ளகின்ல இருந்தா, ஏபிஐ லாகின் மாத்தினதுக்காக மதிப்பீட்டுப் பகுதியையும் திரும்பச் சோதிக்க வேண்டி வரும். அதைவிட மோசம், போன மாச ரிப்போர்ட்டையும் இந்த மாச ரிப்போர்ட்டையும் ஒப்பிடும்போது மாறினது பாட்டா, அளவுகோலான்னு சொல்லவே முடியாது.

இன்னொண்ணு. மதிப்பிடுற அறிவு முழுசையும் ப்ளகின் ஃபைலுக்குள்ள எழுதாதீங்க. தமிழ் பதிலைச் சரிபார்க்கிற ஃபங்ஷன்களைத் தனி லைப்ரரியா வெச்சுக்கோங்க. சரம் உள்ள போகும், முடிவும் காரணமும் வெளிய வரும், அவ்வளவுதான். ப்ளகின்ங்கிறது அந்த லைப்ரரியைப் பிளாட்ஃபார்ம் கேட்கிற வடிவத்துக்கு மாத்திக் கொடுக்கிற மெல்லிய ஓடு. நாளைக்கு பிளாட்ஃபார்மை மாத்தினாலும் ஓட்டை மட்டும் திரும்ப எழுதினா போதும்.

மேடவாக்கம்_ரூட்டர்

பைடெஸ்ட்லயே எழுதிட்டா என்ன? பைத்தான் நிரல்களைச் சோதிக்கிற கருவிதானே அது, ப்ளகின் அமைப்பும் நல்லா இருக்கே. கான்ஃப்டெஸ்ட்ங்கிற அமைப்பு ஃபைல்ல ஹூக் (பைடெஸ்ட் தானே கூப்பிடுற ஃபங்ஷன்) போட்டு ஆரம்பிச்சு, பெருசானதும் 'பைடெஸ்ட்11'ங்கிற என்ட்ரி பாயின்ட்ல பதிஞ்சு பேக்கேஜா கொடுத்துடலாம்.

நிரல்மகள்

> பைடெஸ்ட்லயே எழுதிட்டா என்ன?

லைப்ரரியைச் சோதிக்க பைடெஸ்ட் கண்டிப்பா வேணும், அதைப் பத்திக் கீழ வரேன். ஆனா சாட்பாட்டைச் சோதிக்க அது மட்டும் போதாது. சாதாரண டெஸ்ட் ஒரு தடவை ஓடி பாஸா ஃபெயிலான்னு சொல்லும். மாடலோட பதில் தடவைக்குத் தடவை மாறும். டெம்பரேச்சரை (பதில்ல எவ்வளவு தற்செயல் இருக்கலாம்னு சொல்ற அமைப்பு) 0-ல வெச்சாலும் ஒரே பதில் வரும்னு உத்தரவாதம் இல்ல. சர்வர்ல நம்ம கேள்வி யாரோட கேள்விகளோட சேர்ந்து ஓடுதுங்கிறதைப் பொறுத்து தசமக் கணக்கு நுணுக்கமா மாறும், அது ஒரு சொல்லையே மாத்திடும். அதனால ஒரே கேள்வியைப் பல தடவை கேட்டு வீதத்தைப் பார்க்கணும்.

அதுலயும் கவனம் வேணும். 20 தடவை கேட்டு 20-ம் பாஸ் ஆனா 'பிரச்சினையே இல்ல'ன்னு ரிப்போர்ட் போடுறாங்க. 95% நம்பிக்கையோட அதிலிருந்து சொல்லக்கூடியது, தவறும் வீதம் சுமார் 14 சதவீதத்துக்குள்ள இருக்குங்கிறது மட்டும்தான். 100-க்கு 100 பாஸ் ஆனா சுமார் 3 சதவீதம். கடன் தொகையைத் தப்பா சொல்ற பாட்டுக்கு 14 சதவீதம்னா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. உங்க பிளாட்ஃபார்ம் திரும்பத் திரும்ப ஓட்டுறதைப் பார்த்துக்கும்னா, ப்ளகின்ல அதைத் தொடாதீங்க.

எழுத்துரு_பித்தன்

தரமணி நண்பரே, உங்க 'நீ' ரூல் தலைகீழா வேலை செய்யறதுக்குக் காரணம் எனக்குத் தெரியும். இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன், தமிழ்ல செக்கர் எழுதுற எல்லாரும் இதுல ஒரு தடவை விழுவாங்க.

'நீ'க்கு முன்னும் பின்னும் பேக்ஸ்லாஷ் பி, அதாவது சொல் எல்லை, போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். பைத்தானோட கூடவே வர்ற ரீஜெக்ஸ் மாட்யூல், சொல் எழுத்துன்னா என்னன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு. க, ந, ம மாதிரி எழுத்துகளை ஏத்துக்கும். ா, ி, ீ மாதிரி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏத்துக்காது. 'நீ'ங்கிறது கணினிக்கு ந, அப்புறம் ீ, ஆக இரண்டு குறியீடு. 'நீ இன்னும்'னு எழுதினா ீ-க்கு அப்புறம் இடைவெளி. இரண்டுமே சொல் எழுத்து இல்ல, அதனால அங்க எல்லையே இல்லைன்னு நினைச்சு விட்டுடும். 'நீங்கள்'னு எழுதினா ீ-க்கு அப்புறம் ங வருது. ஒண்ணு சொல் எழுத்து இல்ல, அடுத்தது சொல் எழுத்து. ஆக அங்க ஒரு எல்லை இருக்குன்னு முடிவு பண்ணி, 'நீ' கிடைச்சிடுச்சுன்னு சொல்லும். மரியாதையா பேசினதைப் பிடிச்சு, ஒருமையை விட்டது அதனாலதான்.

இதே காரணத்தால, பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் (தொடர்ந்து வர்ற சொல் எழுத்துகள்) போட்டு 'தமிழ்'ங்கிற சொல்லைப் பிரிச்சா 'தம', 'ழ'ன்னு இரண்டு துண்டு வரும். சொல் எண்ணிக்கை பார்க்கிற எந்த செக்கரும் தமிழுக்குத் தப்பா எண்ணும். தனியா நிறுவுற 'ரீஜெக்ஸ்'ங்கிற பேக்கேஜ் குறிகளையும் சொல் எழுத்தா எடுத்துக்கும், அதுக்கு மாறிடுங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல நிலைமை இன்னும் மோசம்; அங்க பேக்ஸ்லாஷ் டபிள்யூவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, யூனிகோட் வகைப் பெயர் சொல்லித்தான் பேட்டர்ன் எழுதணும்.

நீளமும் அப்படித்தான். 'தமிழ்' நமக்கு மூணு எழுத்து, பைத்தானுக்கு 5, யூடிஎஃப்-8 பைட் கணக்குல 15. பதில் இத்தனை எழுத்துக்குள்ள இருக்கணும்னு ரூல் வெச்சா எந்தக் கணக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எழுத்தெழுத்தா பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரியில ஃபங்ஷன் இருக்கு.

அடுத்தது ஒப்பீடு. 'கொ'-வை ொ-ன்னு ஒரே குறியாவும் சேமிக்கலாம், ெ-யும் ா-வுமா இரண்டு குறியாவும் சேமிக்கலாம். திரையில ஒண்ணுபோலத் தெரியும், சரமா ஒப்பிட்டா வேற வேற. இதுக்கு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர்ற என்.எஃப்.சி நார்மலைசேஷன் போதும், இரு பக்கமும் போட்டுட்டு ஒப்பிடுங்க. ஆனா 'ஸ்ரீ'க்கு அது உதவாது. 'ஸ'-வை வெச்சு எழுதுற ஸ்ரீ ஒண்ணு, 2005-ல யூனிகோட் 4.1-ல சேர்ந்த 'ஶ'-வை வெச்சு எழுதுறது இன்னொண்ணு. பல எழுத்துருக்கள்ல இரண்டும் ஒரே உருவமா வரும், ஆனா யூனிகோட் இரண்டையும் சமம்னு சொல்லல. கிளைப் பெயர்ல ஸ்ரீபெரும்புதூர் இருந்தா நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுதித்தான் ஆகணும்.

தரமணி_டெஸ்டர்

பித்தன் அண்ணா, இப்பவே ஓட்டிப் பார்த்தேன். நீங்க சொன்னபடியேதான் இருக்கு. ரூல்ல அந்த எல்லைக் குறி இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கிளையும் எங்க பட்டியல்ல இருக்கு!

'இந்தச் சொல் இருக்கா' செக்கர்லயும் இதே மாதிரி ஏதாவது இருக்கா? 'கடன்' இருக்கணும்னு போட்டா 'உங்கள் கடனை'ன்னு வர்ற பதில் ஃபெயில் ஆகுது.

எழுத்துரு_பித்தன்

ஆமா. 'கடன்' புள்ளியில முடியுது, 'கடனை'யில அந்தப் புள்ளி இருந்த இடத்துல ை வந்துடுது. 'கட்டணம்' தேடினா 'கட்டணத்தை' கிடைக்காது. 'வீடு' தேடினா 'வீட்டுக்கடன்' கிடைக்காது. கடைசிப் புள்ளியை வெட்டிட்டு 'கடன'ன்னு தேடினா கடன், கடனை, கடனுக்கு எல்லாம் வரும். அதே மாதிரி 'பணம்'ல கடைசி 'ம்'மை வெட்டி 'பண'ன்னு தேடினீங்கன்னா பணி, பண்பு, பணியாளர் எல்லாம் வந்து நிக்கும். அதனால முக்கியமான சொற்களுக்கு வேற்றுமை வடிவங்களைக் கையால எழுதிடுறது நல்லது. உங்க துறையில அப்படிப்பட்ட சொற்கள் அதிகம் இருக்காது. பெரிய அளவுல வேணும்னா தமிழிமார்ஃப் மாதிரி உருபனியல் பகுப்பாய்வுக் கருவி இருக்கு.

சோழிங்கநல்லூர்_ஸ்க்ரிப்ட்

இவ்வளவு சிரமம் எதுக்குன்னு புரியல. இப்ப இருக்கிற பெரிய மாடல்களுக்கு வேற்றுமை உருபு, ஒருமை, மரியாதை எல்லாம் தெரியும். மதிப்பீட்டை மாடல்கிட்டயே விட்டுட்டு, ப்ளகின்ல ஒரு நல்ல ப்ராம்ப்ட் மட்டும் வெச்சா போதுமே? 'நீ'ன்னு நேரடியா வராம 'சீக்கிரம் கட்டு'ன்னு வினையில வர்ற ஒருமையை உங்க ரீஜெக்ஸ் பிடிக்காது, மாடல் பிடிக்கும்.

நிரல்மகள்

'சீக்கிரம் கட்டு' விஷயத்துல உங்க பேச்சு சரி. தொனியும் மரியாதையும் மாடல் நடுவர்கிட்ட கொடுக்க வேண்டிய வேலை. தொகை, தேதி, கிளைப் பெயர் ஆகியவற்றைக் கொடுக்கக்கூடாது. 1,250 ரூபாயா 1,520 ரூபாயான்னு பார்க்க நிரல் இருக்கும்போது மாடலைக் கேட்கிறது செலவும் ஆபத்தும்.

மாடல் நடுவரை வைக்கிறவங்க நாலு விஷயத்தை விடவே கூடாதுன்னு நினைக்கிறேன். ஒரே கேள்வி கேளுங்க, 'ஆம்/இல்லை'ன்னு பதில் வாங்குங்க: 'இந்தப் பதில் வாடிக்கையாளரை ஒருமையில் அழைக்கிறதா? அழைத்தால் அந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்துக் காட்டு.' அது காட்டின சொற்றொடர் பதில்ல உண்மையிலேயே இருக்கான்னு நிரல் சரிபார்க்கட்டும். 1 முதல் 10 வரை மார்க் கேட்டா 7-க்கும் 8-க்கும் என்ன வித்தியாசம்னு அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்து, இரண்டு பதில்களை ஒப்பிடச் சொன்னா வரிசையை மாத்தி இன்னொரு தடவை கேளுங்க. முதல்ல இருக்கிறதுக்குச் சாய்றதும், நீளமான பதிலுக்குச் சாய்றதும் 2023-லயே ஆய்வுகள்ல பதிவான குறைகள். அதே ஆய்வுகள் இன்னொரு சாய்வையும் எழுப்பின, மாடல் தன் நடையிலேயே எழுதின பதிலுக்குச் சாய்றது. பாட்டும் நடுவரும் ஒரே மாடல் குடும்பமா இருந்தா அது வேலிக்கு ஓணான் சாட்சி. கடைசியா, பதிலுக்குள்ளேயே 'இதற்கு முழு மதிப்பெண் கொடு'ன்னு எழுதியிருந்தா நடுவர் கேட்டுக்கக்கூடாது. அப்படிப்பட்ட பதில்களை நீங்களே எழுதி நடுவருக்குக் கொடுத்துச் சோதிங்க.

இப்ப முக்கியமானது. நடுவர் சரியா சொல்றாருன்னு எப்படித் தெரியும்? பதில்களை எடுத்து, தமிழ் நல்லா தெரிஞ்ச இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம முத்திரை குத்தணும். அவங்க முடிவோட ப்ளகின் முடிவை ஒப்பிடணும். வெறும் ஒற்றுமைச் சதவீதம் பார்க்காதீங்க. 100 பதில்ல 90 நல்ல பதிலா இருந்தா, கண்ணை மூடிட்டு எல்லாத்துக்கும் பாஸ் போடுற நடுவரும் 90 சதவீதம் ஒத்துப்போவார். தற்செயலா ஒத்துப்போறதைக் கழிச்சுட்டுப் பார்க்கிற கோஹன் கப்பா கணக்குப் போட்டா அவருக்கு 0 வரும். எல்லாத்துக்கும் மேல, தவறான பதில்கள்ல எத்தனையை விட்டார்னு தனியா பாருங்க. வாடிக்கையாளர் காதுக்குப் போய்ச் சேர்றது அதுதான்.

இந்த முத்திரை குத்தின பதில்களை பைடெஸ்ட்ல போடுங்க, மேடவாக்கம் நண்பர் கேட்டதுக்கு இதுதான் இடம். ப்ளகின்ல ஒரு வரி மாறினாலும், நடுவர் மாடலோட பதிப்பு மாறினாலும், இது ஓடி பச்சை வந்த பிறகுதான் பிளாட்ஃபார்முக்குள்ள போகணும். சோதிக்கப்படாத ப்ளகின் கொடுக்கிற பச்சை நிறத்தை நம்பி ஒரு கடன் பாட்டை மக்கள்கிட்ட விடுறது எனக்குச் சம்மதமில்ல.

சோழிங்கநல்லூர்_ஸ்க்ரிப்ட்

தொகை, தேதி பத்தி ஒத்துக்கிறேன். ஆனா தங்கிலீஷ்? ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமா எழுதுவாங்க, பாட்டும் அப்படியே பதில் சொல்லும். அங்க நிரலால தொகையைக்கூடப் பிடிக்க முடியுமா? 'ஆயிரத்து இருநூத்தம்பது'ன்னு சொல்லால எழுதினா?

நிரல்மகள்

அங்க இரண்டையும் சேர்க்கலாம். பதில்ல சொன்ன தொகையை எண்ணா எடுத்துக் கொடுன்னு மட்டும் மாடல்கிட்ட கேளுங்க, சரியா தப்பான்னு கேட்காதீங்க. எடுத்த எண்ணைச் சரியான தொகையோட நிரல் ஒப்பிடட்டும். சரியான தொகை என்னன்னு மாடலுக்குத் தெரியாததால, எதிர்பார்ப்புக்கு ஏத்தபடி அது வளைய வழியில்ல.

ஆவடி_பைதான்

பாதுகாப்பு பத்தி யாரும் பேசல, அதனால உள்ள வரேன்.

ப்ளகின் பிளாட்ஃபார்மோட அதே ப்ராசஸ்ல ஓடினா, பிளாட்ஃபார்ம்கிட்ட இருக்கிற ஏபிஐ கீ, கிளையண்ட் லாக், எல்லாம் ப்ளகினுக்கும் எட்டும். யாரோ எழுதின பேக்கேஜை ப்ளகின் இழுத்தா அதுக்கும் எட்டும். 2024-ல எக்ஸ்இசட் யூட்டில்ஸ்ல பின்கதவு வெச்சது நினைவிருக்கும். பல வருஷமா நம்பிப் பயன்படுத்தின, ஃபைல் சுருக்குற சின்ன லைப்ரரி அது. பேக்கேஜ் பதிப்புகளை ஹாஷோட (ஃபைல் மாறினா காட்டிக்கொடுக்கிற கைரேகை எண்) பூட்டுங்க. முடிஞ்சா ப்ளகினைத் தனி ப்ராசஸா ஓட்டி, ஜேசான் உள்ள ஜேசான் வெளியன்னு மட்டும் பேச விடுங்க. விஎஸ் கோட் தன் எக்ஸ்டென்ஷன்களைத் தனி ப்ராசஸ்லதான் ஓட்டுது. ப்ளகின் தொங்கினாலும் பிளாட்ஃபார்ம் தொங்காதுங்கிறது கூடுதல் லாபம்.

கடன் பாட்னா ஆதார் எண் கசியுதான்னு பார்க்கிற செக்கரும் எழுதுவீங்க. 12 இலக்கம்னு மட்டும் தேடினா கடன் கணக்கு எண்ணெல்லாம் ஆதாரா தெரியும். ஆதார் 0, 1-ல ஆரம்பிக்காது, கடைசி இலக்கம் மத்த இலக்கங்கள்ல இருந்து கணக்கிடுற வெர்ஹாஃப் முறைச் சரிபார்ப்பு இலக்கம். இரண்டையும் பார்த்தா தற்செயலான 12 இலக்க எண்கள்ல நூத்துக்குச் சுமார் 8 மட்டும் தப்பா மாட்டும். நாலு நாலா இடைவெளி விட்டு எழுதினதையும் சேர்த்துப் பாருங்க. சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் தரவைத் தொடவே தொடாதீங்க. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. சட்டமே இல்லைன்னாலும் அது அவங்க சொத்து.

மேடவாக்கம்_ரூட்டர்

ஒரு சேர்க்கை. ப்ளகின் கொடுக்கிற முடிவுல பாஸ், ஃபெயில் தவிர மூணாவதா 'மதிப்பிட முடியல'ன்னு ஒண்ணு கட்டாயம் வேணும். நடுவர் மாடல் டைம்அவுட் ஆச்சுன்னா அது பாட்டோட தப்பு இல்ல. எக்ஸப்ஷனைப் பிடிச்சு ஃபெயில்னு திருப்பி அனுப்புற ப்ளகின், டெவ் டீமை இல்லாத பக்கைத் தேட வைக்கும். பாஸ்னு திருப்பி அனுப்புறது அதைவிடக் கொடுமை. பைடெஸ்ட்ல டெஸ்ட் தோத்தா ஃபெயில், ஃபிக்ஸ்சர்ல முன்தயாரிப்பு உடைஞ்சா எரர்னு தனியா காட்டுறது இதுக்காகத்தான். ரிப்போர்ட்ல அந்த மூணாவது எண்ணிக்கை ஒரு எல்லைக்கு மேல போனா அந்த ரன்னையே செல்லாதுன்னு தள்ளுங்க.

அம்பத்தூர்_ஃப்ரெஷர்

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷம் படிக்கிறேன். மேனுவல் டெஸ்டிங் கோர்ஸ் முடிச்சிருக்கேன். இதெல்லாம் கத்துக்க எங்க ஆரம்பிக்கிறது?

நிரல்மகள்

தம்பி, பைடெஸ்ட் நிறுவி, கான்ஃப்டெஸ்ட்ல ஒரு சின்ன ஹூக் எழுதுங்க. அப்புறம் காராக் மூல நிரல்ல டிடெக்டர் ஃபோல்டரைத் திறந்து படிங்க, பல டிடெக்டர்கள் சின்னதுதான். கூடவே, ஏதாவது ஒரு சாட்பாட்டோட தமிழ் பதில்களை எடுத்து, எது சரி எது தப்புன்னு காரணத்தோட எழுதிப் பழகுங்க. நிரல் எழுதத் தெரிஞ்சவங்க சென்னை ஓஎம்ஆர் ரோடு முழுக்க இருக்காங்க, ஒரு தமிழ் பதில் ஏன் தப்புன்னு துல்லியமா எழுதத் தெரிஞ்சவங்க குறைவு. மேனுவல் டெஸ்டிங் படிச்சது இதுக்கு நேரடியா உதவும்.

தரமணி_டெஸ்டர்

லீட்கிட்ட இந்த இழையைக் காட்டினேன். ஒரே ப்ளகின் யோசனையை விட்டுட்டார். ஆதார் கசிவுப் பகுதியைப் படிச்சதும் செக்யூரிட்டி டீமையும் கூப்பிடச் சொன்னார்.

முடிவு பண்ணினது: தமிழ் சரிபார்ப்பு லைப்ரரி தனி ரெப்போ. அதுமேல முதல்ல ஒரே ஒரு கிரேடர், அதாவது மதிப்பிடுற ப்ளகின், தொகையும் தேதியும் மட்டும். தனி ப்ராசஸ்ல ஓடும், மூணு விதமான முடிவு கொடுக்கும். மரியாதை நடுவரை முத்திரை குத்தின பதில்கள் தயாரான பிறகுதான் தொடுறோம். முத்திரை குத்த எங்க சப்போர்ட் டீம்ல இரண்டு பேர் ஒத்துக்கிட்டாங்க, தினமும் வாடிக்கையாளர்கிட்ட தமிழ்ல பேசுறவங்க.

பித்தன் அண்ணா, ஸ்ரீ மாதிரி ஒரே உருவம், வேற குறியீடு வர்ற எழுத்துகள் இன்னும் என்னென்ன இருக்கு? மாற்று அட்டவணையை முதல் நாளே முழுசா போட்டுடலாம்னு பார்க்கிறேன்.

எழுத்துரு_பித்தன்

'ஔ'வும் 'ஒள'வும். முதலாவது ஒரே எழுத்து, இரண்டாவது ஒ-வும் ள-வும். அதே மாதிரி 'கௌ'வும் 'கெள'வும். 'கௌரி', 'பௌர்ணமி' இரண்டுமே தப்பான வடிவத்துல நிறைய டைப் ஆகியிருக்கும், வாடிக்கையாளர் பெயர் ஒப்பீட்டுல மாட்டும். ஆனா கண்ணை மூடிட்டு மாத்தாதீங்க, 'ஒளி', 'கெளிறு' மாதிரி சொற்கள் உடைஞ்சிடும். பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் போடுங்க. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் இரண்டு இருக்கு, ஃபோன் கீபோர்டுல இருந்து வந்து சொல் நடுவுல உட்காரும், ஒப்பீட்டுக்கு முன்னாடி எடுத்துடுங்க. அப்புறம் தமிழ் எண்கள்: ௧, ௨, ௩ எல்லாம் பைத்தானுக்கு இலக்கம்தான், பேக்ஸ்லாஷ் டி பிடிக்கும். பத்தைக் குறிக்கிற ௰-ஐப் பிடிக்காது. ரெப்போவைத் திறந்த மூலமா வெச்சீங்கன்னா லிங்க் போடுங்க, என்கிட்ட இருக்கிற டெஸ்ட் சரங்களை நேரா அங்கயே சேர்த்துடுறேன்.